கலெக்டருக்குக் ‘கூடல்’ சரிவருமா?

வணக்கம்.

> ஹெட்டர் – வெளியேற்றுப் பன்மடித் தலைப்பு
> கலெக்டர் – வெளியேற்றுச் சேகரிப்பான்
> மஃப்ளர் – ஒலியடக்கி

காரின் புகை வெளியேற்றும் உறுப்புகளுக்கு இப்படித் தமிழ்ப் பெயர்ப் பட்டியல் போட்ட நண்பருக்கு நன்றி. ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் புகையைக் கொண்டுவரும் குழல்களின் தொகுதி ஹெட்டர், அவை ஒன்றாகும் வாய் கலெக்டர். ஒலியடக்கி எனக்குச் சம்மதம். ஒர்க்‌ஷாப்பில் எல்லாரும் சைலன்சர் என்றுதான் சொல்வார்கள், சொல்லட்டும். ‘சேகரிப்பான்’தான் உறுத்துகிறது. சேகரிப்பது என்றால் வாங்கி வைத்துக்கொள்வது. மழைநீரைத் தொட்டியில் சேகரிக்கிறோம். கலெக்டரில் புகை ஒரு கணமும் தங்கக் கூடாது, தங்கினால் எஞ்சின் மூச்சு முட்டும்.

போன மாதம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பழைய ஹெட்டர் ஒன்றை அறுத்துப் போட்டிருந்தார்கள். நான்கு குழல்களைச் சதுரமாகச் சேர்த்து, ஒரே வாய்க்குள் செருகிப் பற்றவைத்திருந்தது. நான்கு வட்டம் ஒட்டி நின்றால் நடுவில் நட்சத்திரம் போல ஓர் ஓட்டை விழும் இல்லையா? நல்ல வேலைக்காரர் அதில் கூராக ஒரு சிறு கூம்பை வைத்து அடைப்பார். இதில் தட்டையான தகடு, அதைச் சுற்றி உள்பக்கம் துருத்திய வெல்டு. இப்படி ஒன்றை வாங்கி மாட்டிவிட்டு ‘பவரே ஏறவில்லை’ என்று புலம்பினால் என்ன செய்வது.

அந்த இடத்தின் வேலை சேர்ப்பது மட்டும் இல்லை. வெளியேற்று வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை குழலில் ஓடுகிறது. குழல்கள் சேர்ந்து வழி அகலமாகும் இடத்துக்கு வந்ததும் அதில் ஒரு பங்கு தாழ்வழுத்த அலையாகத் திரும்பி வால்வை நோக்கிப் போகிறது. உள்வால்வும் வெளிவால்வும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் அது போய்ச் சேர்ந்தால், சிலிண்டரில் மிஞ்சிய புகையை இழுத்துவிடும். புதுக் காற்று-எரிபொருள் கலவையும் கூடவே உள்ளே வரும். சூடான புகையில் ஒலி நொடிக்கு 500 மீட்டருக்கு மேல் ஓடும். குழல் 80 செ.மீ. என்றால் போய்வர ஏறக்குறைய 3 மில்லிநொடி. 6000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 6000 சுற்றில், அதற்குள் எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் 100 டிகிரிக்கு மேல் திரும்பிவிடும். குழலின் நீளத்துக்கு இவ்வளவு மெனக்கெடுவது இதனால்தான்.

பல ஓட்டம் ஒன்றாகும் இடத்துக்குத் தமிழில் பெயர் இல்லையா என்ன? கூடல். முக்கூடல் என்று ஊர்ப்பெயரே இருக்கிறது. எனவே என் முன்மொழிவு: கலெக்டர் கூடல், ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வருவது கிளைக்குழல், மொத்த ஹெட்டரும் கூடற்குழல்.

இதில் இன்னொரு வசதி. நான்கும் ஒரே இடத்தில் சேரும் 4-1 வகையை நாற்கூடல் எனலாம். முதலில் இரண்டிரண்டாகச் சேர்ந்து, பிறகு ஒன்றாகும் 4-2-1 வகை இருநிலைக் கூடல். நாற்கூடல் பொதுவாக உச்ச வேகத்தில் பலம் காட்டும், இருநிலை நடு ஆர்பிஎம்மில் இழுவை தரும். டவுன் டிராஃபிக்கில் ஓட்டுகிறவர் பந்தயக் காரைப் பார்த்து நாற்கூடல் கேட்டால், கடைக்காரர் கொஞ்சம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

> யாழ்ப்பாணத்தில் நாங்கள் ‘சந்தி’ என்போம். அது எளிது அல்லவா?

அழகான சொல்தான், நானும் இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் நாற்சந்தியில் வந்த சாலைகள் மறுபடி பிரிந்து போய்விடுகின்றன. கூடலில் சேர்ந்தது ஒன்றாகவே போகிறது. அதனால் என் ஓட்டு கூடலுக்கு.

> கூடல் என்றால் மதுரை. ஊடலும் கூடலும் என்று கிண்டல் வேறு வரும்.

வரட்டும் ஐயா. கலெக்டர் என்றாலும்தான் மாவட்ட ஆட்சியர் நினைவுக்கு வருகிறார். அதற்காக யாரும் சைலன்சரிடம் மனு கொடுக்கவில்லையே.

ஒரு கடினமான சோதனையும் வைத்துப் பார்த்தேன். 1960களின் ஃபோர்டு ஜிடி40 பந்தயக் காரின் 4.7 லிட்டர் வி8, அதாவது நான்கு நான்காக இரண்டு வரிசையில் எட்டு சிலிண்டர் கொண்ட எஞ்சின். அந்த வகைக் கிராங்கில் ஒரே வரிசையில் இரண்டு சிலிண்டர்கள் 90 டிகிரி இடைவெளியில் அடுத்தடுத்துப் புகை தள்ளும், ஒன்றின் அலை மற்றதன் மேல் மோதும். அதைத் தவிர்க்க, இந்த வரிசையில் இரண்டு, அந்த வரிசையில் இரண்டு என்று குழல்களைக் குறுக்கே பின்னி, ஒவ்வொரு கூடலுக்கும் சீராக 180 டிகிரிக்கு ஒரு துடிப்பு வருமாறு செய்தார்கள். எஞ்சினின் மேல் பாம்புகள் சுருண்டு கிடப்பது போலவே இருக்கும், அமெரிக்கர்கள் வைத்த செல்லப் பெயரும் பாம்புக் கட்டுதான். பழைய பட்டியல்படி இது ‘குறுக்கு வெளியேற்றுப் பன்மடிச் சேகரிப்பான்’. நான் ‘குறுக்குக்கூடல்’ என்பேன்.

அப்புறம், ‘பின்னழுத்தம்’, அதாவது வெளியேறும் புகையை எதிர்த்து நிற்கும் அழுத்தம் (பேக் பிரஷர்). எஞ்சினுக்குக் கொஞ்சம் பின்னழுத்தம் வேண்டும் என்று கடையில் சொல்லி விற்கிறார்கள். தேவைக்கு மேல் பருத்த குழலில் புகையின் வேகம் குறையும், கீழ் ஆர்பிஎம்மில் இழுவை போகும். அது வேகத்தின் பிரச்சினை, அழுத்தம் போதாததால் வருவதில்லை. ‘எதிரழுத்தம்’ என்று எழுதினால் வாங்குகிறவருக்கே உறைக்கும்: எதிர்த்து நிற்பதை யார் காசு கொடுத்து வாங்குவார்?

புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு ‘வினையூக்கி மாற்றி’ என்ற பெயர் ஏற்கெனவே பரவிவிட்டது, தொட வேண்டாம். அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் குழலை மாட்டலாமா என்று தனிமடலில் கேட்டவருக்கு: சாலையில் ஓட்டும் வண்டியில் கூடாது, புகைச் சோதனையில் மாட்டிக்கொள்வீர்கள்.

புகைக்குழாயில் மஃப்ளரோடு சேர்ந்து வரும் ரெசனேட்டர்தான் பாக்கி. ‘ஒத்ததிர்வான்’ என்று எழுதினால், காருக்குள் வரும் ரீங்காரத்தை அது கூட்டும் என்று வாங்குகிறவர் நினைப்பார். அதன் வேலையோ அந்த ரீங்காரத்தைத் தேடிப் பிடித்துத் தணிப்பது. ‘ரீங்காரத் தணிப்பி’ என்று எழுதிப் பார்த்தேன், மருந்துக் கடைச் சீட்டு மாதிரி இருக்கிறது. யாருக்காவது வேறு தோன்றினால் எழுதுங்கள்.