டயர் பிரஷர் சென்சார் மாற்றியும் எச்சரிக்கை விளக்கு அணையவில்லை, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. என் காரின் பின்சக்கரங்களில் இருந்த டயர் பிரஷர் சென்சார்களின் பேட்டரி தீர்ந்துவிட்டது. பேட்டரியை மட்டும் தனியாக மாற்ற வழியில்லை என்பதால் சென்சாரையே புதிதாகப் போட்டாயிற்று. காற்று சரியாக இருக்கிறது. டயர் சூடேறுவதற்கு முன்பே பார்த்து, கதவோர ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கே வைத்திருக்கிறேன்.

ஆனால் வண்டியை ஆன் செய்ததும் மஞ்சள் விளக்கு ஒரு நிமிடம் போல விட்டு விட்டு எரிகிறது, அப்புறம் அணையாமல் நிற்கிறது. காற்று குறைந்தால் சிமிட்டாமல்தானே எரியும்? அதனால், புதிய சென்சார்களின் அடையாள எண்ணை வண்டி இன்னும் ஏற்கவில்லை என்றே நினைக்கிறேன். மெனுவில் ரீசெட் கொடுத்து, நெடுஞ்சாலையில் நல்ல தூரம் ஓட்டியும் பார்த்துவிட்டேன்.

ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கணினியோடு இணைக்கும் சோதனைக் கருவி) வைத்து அந்த அடையாள எண்ணைப் பதிவு செய்தே ஆக வேண்டுமா? சென்சார் ரேடியோ அலையில்தானே தகவல் அனுப்புகிறது; வண்டி 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை எதிர்பார்த்து, சென்சார் 315 ஆக இருந்தால் எந்த ரீசெட்டும் பலிக்காது. டயரைக் கழற்றாமல் சென்சாரின் அலைவரிசையைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

குழந்தைகளோடு போகிற வண்டி. நிஜமாகவே காற்று இறங்கினாலும் இப்போது தெரியாது என்பதுதான் பெரிய கவலை. இதே சிக்கலைச் சரிசெய்தவர்கள் என்ன செய்தீர்கள் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.