யாளிக்குச் சினைக்காலம் எத்தனை மாதம் வைக்கலாம்?

குளக்கட்டு (கிளிநொச்சி):
வணக்கம். சனிக்கிழமை மாலைகளில் ஐந்து பேர் கூடிப் பகடை உருட்டி ஆடும் கற்பனைப் பாத்திர விளையாட்டு ஒன்றை நான் நடத்தி வருகிறேன். கதை நிகழும் நாடு, வன்னியின் பழைய பெயரான அடங்காப்பற்றைப் போன்றது. காடும் குளமும், வன்னியனார்கள் எனப்படும் தலைவர்களும் உண்டு, அவர்களோடு சிங்க உடலும் துதிக்கையும் கொண்ட யாளிகளும், 400 ஆண்டு வாழும் ‘நெடுவாழ்நர்’ என்ற இனமும் உண்டு. சென்ற வாரம் வன்னியனாராக ஆடுபவர், தம் பெண் யாளியை இணைசேர்த்து ஆறு மாதத்தில் குட்டிகளைப் போருக்கு அனுப்பப் போவதாக அறிவித்தார். அது நடவாத காரியம் என்று மனம் சொன்னாலும், மறுப்பதற்கு என்னிடம் கணக்கு இருக்கவில்லை. உண்மையான விலங்குகளின் ஆயுளையும் சினைக்காலத்தையும் வைத்து இவற்றுக்கு நம்பத்தக்க எண்களை எவ்வாறு வகுக்கலாம்?

பட்டிக்காரன் (ஒட்டுசுட்டான்):
தம்பி, கண்ணால் காணும் விலங்குகளிலிருந்து தொடங்குங்கள். ஆட்டுக்கு ஏறத்தாழ 150 நாள், பசுவுக்கு 280, எருமைக்கு 310 நாளை ஒட்டி, மன்னாரில் தெருவில் திரியும் கழுதைக்கு ஓராண்டு, யானைக்கு 22 மாதம். உடல் பெருக்கப் பெருக்கச் சினைக்காலமும் ஆயுளும் நீளும். ஆனால் எடை 16 மடங்கானால்தான் காலம் ஏறத்தாழ 2 மடங்காகும். 30 கிலோ ஆட்டையும் 480 கிலோ பசுவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கணக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். யானை இந்தக் கணக்கையும் தாண்டி நிற்கிறது. ஆட்டுக்குட்டியையும் பசுக்கன்றையும் போலவே அதன் கன்றும் பிறந்த சில மணி நேரத்திலேயே தாயோடு நடக்கும் வலுவோடு வெளியே வருகிறது.

நான் முதன்முதலாக எருமை வளர்த்தபோது, செயற்கை முறையில் சினைப்படுத்திய நாளைக் கலண்டரில் வட்டமிட்டு, பசுவின் கணக்கை நம்பி 280ஆம் நாளிலிருந்து இரவிரவாக லாம்புடன் காத்திருந்தேன். மடி இறங்கி, காம்புகள் மெழுகு பூசியதுபோல் மினுங்கி, அது கன்று ஈன்றது 311ஆம் நாள் விடியற்காலையில். உங்கள் கதையில் ஒரு கோட்டை முற்றுகையிடப்பட்டிருந்தால், அந்த ஒரு மாதம் அதன் முடிவையே மாற்றிவிடும்.

பாலைநிழல் (வவுனியா):
உங்கள் வன்னியனாருக்கு இந்த மண்ணின் வரலாற்றிலேயே மறுமொழி இருக்கிறது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் வன்னித் தலைவர்கள் யானைகளைத் திறையாகச் செலுத்தினார்கள். அவை காட்டில் பிடிக்கப்பட்ட யானைகள், தொழுவத்தில் வளர்த்தெடுத்தவை அல்ல. ஒரு பெண் யானை 22 மாதம் சுமந்து ஈன்றபின் அடுத்த கன்றுக்கு நான்கைந்து ஆண்டு செல்லும், பிறந்த கன்று முழு வலுவோடு வேலை செய்ய 20 வயதை நெருங்க வேண்டும் என்னும்போது, அத்தனை காலம் தீனி போடுவதைவிட வளர்ந்த யானையைப் பிடித்துப் பழக்குவதே எவருக்கும் கட்டுப்படியாகும். யாளிக்கும் இதையே விதியாக்கினால், காட்டின் உரிமை யாருக்கு என்பதே உங்கள் கதையின் பெரிய சண்டையாகிவிடும்.

நெடுவாழ்நரைப் பற்றி நீங்கள் இன்னும் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும். ஒரு பெண் 300 ஆண்டு பிள்ளை பெறும் நிலையில் இருந்து, மூன்று ஆண்டுக்கு ஒரு பிள்ளை பெற்றால் நூறு பிள்ளைகள்! சில தலைமுறைகளில் நாட்டில் மனிதருக்கு இடமே இராது. தொகை பெருகாமல் நிற்க வேண்டுமானால், ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு பிள்ளைகளே வளர்ந்து ஆளாக வேண்டும். ஆகவே கர்ப்பகாலத்தை நம்மைப் போல் 280 நாளாகவே விட்டுவிட்டு, பிள்ளைப்பேறுகளுக்கு இடையில் ஒரு நூற்றாண்டை வையுங்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு தொட்டில் ஆடினால் ஊர் முழுவதும் வந்து பார்க்கும்.

முதலைமடு (முல்லைத்தீவு):
யாளிக்குத் துதிக்கை இருக்கிறது என்பதற்காக யானையின் கணக்கை அப்படியே கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. உடல் சிங்கத்தினது, சிங்கம் ஏறத்தாழ 110 நாளில், கண் திறவாத குட்டிகளை ஈன்று மறைவிடத்தில் ஒளித்து வைக்கும். நம் காட்டுச் சிறுத்தையும் மூன்று மாதத்தை ஒட்டிச் சுமந்து அவ்வாறே செய்யும். எடையைக் கொண்டு ஆயுளைக் கணிப்பதும் எல்லா விலங்குக்கும் பொருந்திவிடாது. கைக்குள் அடங்கும் வௌவால்களில் சில 30 ஆண்டு கடந்தும் வாழ்கின்றன. எனவே குட்டி நடந்துகொண்டு பிறக்கிறதா, குருடாகப் பிறக்கிறதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், மாதக் கணக்கு அதன் பின்னால் தானே வரும்.

குளக்கட்டு (கிளிநொச்சி):
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நடந்துகொண்டு பிறக்கும் குட்டியையே தேர்ந்தேன், ஆகவே 22 மாதம். மாசியில் இணைசேர்ந்த யாளி அடுத்த ஆண்டு மார்கழியில், குளம் வான் பாயும் நாட்களில் ஈனும். அதற்குள் வன்னியனார் இரண்டு திறைகளைச் செலுத்தியாக வேண்டும். அவற்றுக்கு யாளி பிடிக்க எந்தக் காட்டுக்குள் இறங்குவது என்பதை வரும் சனிக்கிழமை அவரே சொல்லட்டும்.