தென்பெரம்பூர் சுடோகு: விதி வைத்து மாட்டிக்கொண்ட கதைகள்

சுடோகு போடுகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். புதிதாக விதி வைத்து ஒன்றை உருவாக்கப் போய் மாட்டிக்கொண்டவர்கள் உண்டா? முதலில் என் கதை.

நீடாமங்கலத்தில் எனக்கு உரக்கடை. மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேரும்வரை ஈ ஓட்டுவதுதான் வேலை. அந்த நாட்களில் பழகியது தெர்மோ சுடோகு, கட்டத்தில் வரைந்த தெர்மாமீட்டரின் குமிழில் தொடங்கி எண் ஏறிக்கொண்டே போகுமே, அந்த வகை. நம் ஊரில் தண்ணீர் இறங்கித்தானே போகும், திருப்பிப் போட்டால் என்ன என்று தோன்றியது. கோடு ஆறு மாதிரி ஓடும், கட்டத்துக்குக் கட்டம் எண் குறையும், ஆறு பிரிகிற கட்டத்தில் உள்ள எண் கிளைகளின் முதல் எண்களைக் கூட்டினால் வர வேண்டும். பக்கத்திலேயே மூணாறு தலைப்பு இருக்கிறது, ஆறு மூன்றாகப் பிரிகிற இடம்: வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு. அதையே வரைந்தேன், கிளைக்கு மூன்று கட்டம். ஒரு வாரம் முட்டியும் அமையவில்லை. அப்புறம்தான் உறைத்தது: மூன்று கட்டம் இறங்க வேண்டுமானால் கிளையின் முதல் எண் 3க்குக் குறையக் கூடாது, மூன்று கிளையின் வாயும் ஒரே 3x3 பெட்டிக்குள் இருப்பதால் ஒரே எண் இரண்டு முறை வராது, குறைந்தது 3, 4, 5. கூட்டினால் 12. 9 வரைக்கும்தான் எண் உள்ள சுடோகுவில் ஏது 12?

சரி என்று தென்பெரம்பூருக்குப் போனேன், காகிதத்தில்தான். அங்கே வெண்ணாறு, வெட்டாறு என்று இரண்டாகத்தான் பிரியும். 3ம் 4ம் சேர்ந்தால் 7. பிரிவுக்கு மேலே இரண்டு கட்டம் வைத்தேன், அவ்வளவுதான், பிரிகிற இடம் 7க்குக் கீழே போகாது, மேலே இரண்டு எண் அதைவிடப் பெரிதாக நிற்க வேண்டும், ஆக 9, 8, 7. ஒரு எண்ணும் கொடுக்காமலே மூன்று கட்டம் நிரம்பிவிட்டது! 3ல் தொடங்கும் கிளை 3, 2, 1 என்று தானாக விழும், அது எந்தக் கிளை என்பதுதான் மிச்சச் சண்டை. அன்றைக்கு டிஏபி கேட்டவருக்குப் பொட்டாஷைத் தூக்கிக் கொடுத்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். படம் அழகாக இருக்கட்டும் என்று இரண்டு கிளையையும் மடக்கி ஒரே பெட்டிக்குள் அடைத்து அக்கா மகனுக்கு அனுப்பினேன். அரை மணியில் பதில்: "மாமா, ஆறு கட்டம் இருக்கு, நாலு எண்தான் இருக்கு, என்ன பண்றது?"

மயிலாடுதுறையிலிருந்து

அண்ணா, எனக்குச் சிக்குக் கோலம். ஜெர்மன் விஸ்பர்ஸ் என்று ஒரு விதி, கோட்டில் அடுத்தடுத்த எண்களுக்குள் 5 அல்லது அதற்கு மேல் வித்தியாசம் வேண்டும். அதில் 5 வரவே முடியாது, 4க்குப் பக்கத்தில் 9 மட்டும், 6க்குப் பக்கத்தில் 1 மட்டும். கோலக் கோடு மாதிரி சுற்றி வந்து மூடுகிற வளையமாகப் போட்டேன். மூன்று சாயங்காலம் போனது. சின்னது, பெரியது என்று மாறி மாறித்தானே வரும், அப்படியானால் வளையத்தில் இரட்டைப்படையில்தான் கட்டம் இருக்க முடியும், நான் குறுக்கு வளைவு ஒன்று வைத்ததில் 23 ஆகியிருந்தது. என் அம்மா புள்ளியை எண்ணாமல் கோலம் தொடங்கமாட்டார். நான் தொடங்கினேன்.

கும்பகோணத்திலிருந்து, கணக்கு வாத்தியார்

ராமானுஜன் பெயரை எடுக்காமல் எங்கள் ஊரில் கணக்கு பேச முடியாது, எடுத்தாயிற்று, விடுங்கள். 2020ல் மிட்செல் லீ அமைத்த சுடோகுவில் கொடுத்திருந்த எண்கள் இரண்டே இரண்டு. சதுரங்கக் குதிரையோ ராஜாவோ ஒரே நகர்வில் எட்டும் கட்டத்தில் அதே எண் வரக் கூடாது, ஒட்டிய கட்டங்களில் அடுத்தடுத்த எண்ணும் கூடாது. சாதாரண சுடோகுவில் 17 எண்ணுக்குக் குறைவாகக் கொடுத்தால் ஒரே விடை அமையாது என்று 2012ல் கணினியை வைத்து நிறுவினார்கள், விதி வலுத்தால் அதையும் தாண்டிக் குறைக்கலாம். அதைப் பார்த்த திமிரில் குதிரை விதியை மட்டும் வைத்து 12 எண் கொடுத்து வகுப்பில் விட்டேன். இரண்டு பிள்ளைகள் இரண்டு விடையோடு வந்தார்கள். இரண்டும் சரி. 4ம் 7ம் இரண்டு வரிசையில் இடம் மாறி நின்றன, அவ்வளவே. யாருக்கு மதிப்பெண் போடுவது?

நாகப்பட்டினத்திலிருந்து

கணினியில் போட்டால் ஒரு நொடியில் தெரிந்துவிடுமே, எதற்கு இந்தப் பாடு?

மறுபடி நீடாமங்கலம்

தம்பி, ஒரே விடையா என்று கணினி சொல்லும், நானும் கடைசியில் அதில் போட்டுத்தான் பார்க்கிறேன். மனிதர் ஒருவர் முதல் அடியை எங்கே வைப்பார் என்று அது சொல்லாது. கோட்டை அழித்தாலும் அதே விடை வருமானால் அந்த விதி வெறும் தோரணம்தான்.

வாத்தியார் சார், நான் திருத்திய படத்தை ஓய்வுபெற்ற லஸ்கர் ஒருவரிடம் காட்டினேன், ஆற்று மதகு ஷட்டரை ஏற்றி இறக்கியே காலம் தள்ளியவர், சுடோகு பழக்கமில்லை. விதியைச் சொன்னதும் தலையில் 9, கடைமடையில் 1 என்று விரலை வைத்துவிட்டார். அப்புறம் 7ஐயும் 3, 4ஐயும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏழு வந்தா ஏழும் கீழ போயிடுமா? வழியில ஊறிப்போறது யார் கணக்கு?" என்றார்.

நியாயம்தான். ஒன்றைக் கழித்தால் பிரிகிற கட்டம் 8, மேலே 9க்கு மட்டும் இடம். தண்டில் ஒரு கட்டம் குறைகிறது. மறுபடி வரைந்துகொண்டிருக்கிறேன்.