பழைய கம்ப்யூட்டர்ல இருந்து புது லேப்டாப்புக்கு மாறுறோம், அப்பாவோட தமிழ் ஃபைல் எல்லாம் கிறுக்கலா தெரியுது, உதவி வேணும்

நூல்முனை:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் பெரிய பதிவு, பொறுத்துக்கோங்க. வீட்ல ஒரு பழைய டெஸ்க்டாப் இருக்கு, விண்டோஸ் 7, அப்பா ரிட்டயர் ஆனதுல இருந்து அதுலதான் உக்காந்து எழுதுவார். சிறுகதை, சிநேகிதர்களுக்குக் கடிதம், சின்ன வயசு ஞாபகம்னு வேர்டுல நானூறு ஃபைலுக்கு மேல இருக்கு. போன வாரம் புது லேப்டாப் வாங்கினோம், விண்டோஸ் 11. பென்டிரைவ்ல அப்பாவோட ஃபோல்டரை மட்டும் முதல்ல எடுத்துட்டு வந்து திறந்தா ஒரு எழுத்து கூட தமிழ்ல இல்ல, முழுக்க இங்கிலீஷ் எழுத்தும் நடுநடுவுல அரைப்புள்ளியுமா வருது. அப்பா பக்கத்துலயே நின்னுட்டிருந்தார். கண்ணாடிய கழட்டித் துடைச்சு மறுபடி போட்டுப் பாத்துட்டு "என் எழுத்தக் காணோமேம்மா"ன்னார். எனக்கு பகீர்னு ஆயிடுச்சு. பழைய கம்ப்யூட்டர்ல அதே ஃபைல் நல்லா தெரியுது, அதுதான் புரியல.

இன்னொண்ணு, அக்கா கல்யாண வீடியோ ஒரே ஃபைலா 6 ஜிபி இருக்கு, 64 ஜிபி பென்டிரைவ் காலியா இருந்தும் ஃபைல் ரொம்பப் பெருசுன்னு சொல்லி ஏத்திக்க மாட்டேங்குது. மொத்தம் 300 ஜிபி கிட்ட போட்டோ, வீடியோ. குரோம்ல சேவ் பண்ண பாஸ்வேர்டெல்லாம் வேற இருக்கு. பழைய பொட்டி ரெண்டு மூணு மாசமா டிக் டிக்குனு ஒரு சத்தம் போடுது, சில ஃபோல்டர் திறக்கவே நிமிஷக்கணக்கா ஆகுது. அண்ணன் இந்த வாரக் கடைசிக்குள்ள அத எடைக்குப் போட்டுடணும்ங்கிறான். எதுல இருந்து ஆரம்பிக்கிறது?

வட்டுச்சுழல்:

சகோதரி, மத்தது எல்லாத்தையும் அப்புறம் பாத்துக்கலாம், அந்த டிக் டிக் சத்தம்தான் அவசரம். அது ஹார்ட் டிஸ்க்குன்னா உள்ள இருக்குற ஹெட் படிக்க முடியாம திரும்பத் திரும்ப முயற்சி பண்ற சத்தமா இருக்கலாம், ஃபோல்டர் திறக்க நேரமாகுதுன்னு நீங்க சொல்றதும் அதோட ஒத்துப்போகுது. ஃபேன்ல ஒயர் உரசுற சத்தமாவும் இருக்க வாய்ப்பு இருக்கு, ஆனா அப்படி நெனச்சு அசால்ட்டா இருக்காதீங்க. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு இலவச ப்ரோக்ராம் இருக்கு, அதுல ரீஅலொகேட்டட் செக்டார், கரன்ட் பெண்டிங் செக்டார் ரெண்டு வரியும் பாருங்க, டிஸ்க்குல கெட்டுப்போன இடம், படிக்கத் திணறுற இடத்தோட கணக்கு அது, மஞ்சள் சிவப்பு எதாவது காட்டினா அந்த கம்ப்யூட்டர ஆஃப் பண்ணிடுங்க. யாராவது விண்டோஸ்லயே வர்ற டிஸ்க் சரிபாக்குற செக் டிஸ்க்க ஓட்டச் சொன்னாலும் இப்ப வேண்டாம், கெட்டுப்போற டிஸ்க்குல அது வேலைய அதிகமாக்கி உள்ளதையும் கெடுத்துடும்.

டிஸ்க்க வெளிய எடுத்து, அத யூஎஸ்பில இணைக்கிற சாட்டா டு யூஎஸ்பி அடாப்டர்ல மாட்டி லேப்டாப்ல நேரா படிக்கலாம், அப்ப விண்டோஸ் 7 பூட் ஆகி அத அலைக்கழிக்கிற வேலை இல்ல. டெஸ்க்டாப் டிஸ்க் மூணரை இன்ச், அதுக்கு 12 வோல்ட் வேணும், யூஎஸ்பி போர்ட் குடுக்குற கரன்ட் பத்தாது, அதனால தனி பவர் அடாப்டரோட வர்றதப் பாத்து வாங்குங்க. ரெண்டரை இன்ச்சுக்குன்னு விக்கிறதுல மாட்டினா டிஸ்க் சுத்தவே சுத்தாது.

முதல்ல அப்பாவோட ஃபோல்டர். அது சின்னது, திரும்பக் கிடைக்காதது. அடுத்து போட்டோ, கடைசியா வீடியோ. மொத்தத்தையும் செலக்ட் பண்ணி ஒரே இழுப்பா இழுக்காதீங்க, நடுவுல ஒரு ஃபைல் மாட்டினா எல்லாம் நின்னுடும்.

பென்டிரைவ் விஷயம், அது ஃபேட் 32 ஃபார்மட்ல இருக்கு, அதுல ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல போகாது, எவ்வளவு இடம் காலியா இருந்தாலும் அப்படித்தான். பெரிய ஃபைலும் ஏத்திக்கிற எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டுக்கு மாத்துங்க, உள்ள இருக்குறது அழிஞ்சுடும்கிறதால முதல்ல காலி பண்ணிட்டு.

மின்மினி:

இவ்வளவு சுத்தி வளைக்கணுமா? மொத்த டிஸ்க்கையும் குளோன் பண்ணி, அதாவது விண்டோஸோட சேத்து அச்சு அசலா நகலெடுத்து, புது லேப்டாப்ல போட்டா பழைய கம்ப்யூட்டர் அப்படியே இதுல வந்துடுமே, ஃபான்ட்டு பாஸ்வேர்டு எதுவும் தேட வேண்டாம்.

வட்டுச்சுழல்:

நண்பா, டிஸ்க் மட்டும் மாறுற அதே கம்ப்யூட்டருக்கு குளோன் நல்ல வழிதான். இங்க மெஷினே வேற, விண்டோஸ் 7க்கு இந்த லேப்டாப்போட டிரைவர் கிடைக்கிறது கஷ்டம், பூட் ஆனாலே பெரிய விஷயம். அப்படியே பூட் ஆனாலும், மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14ஓட அதுக்கு பாதுகாப்பு அப்டேட்ட நிறுத்திட்டாங்க. அத எடுத்துட்டு வந்து இன்டர்நெட்ல விடக்கூடாது. டிஸ்க் ரொம்ப மோசமா இருந்தா இமேஜா, அதாவது மொத்த டிஸ்க்கோட நகலையும் ஒரே ஃபைலா எடுத்து வச்சுக்கலாம், லினக்ஸ்ல டிடிரெஸ்க்யூ அதுக்குன்னே இருக்கு, முதல்ல படிக்க முடிஞ்சதை எல்லாம் எடுத்துட்டு, கெட்ட இடத்துக்கு அப்புறமா திரும்பி வரும்.

எழுத்தாணி:

அம்மா, அப்பாகிட்ட முதல்ல சொல்லுங்க, அவர் எழுத்து எங்கயும் போகல. நான் ரொம்ப வருஷம் டிடிபி வேலை பாத்தவன், இதே கலக்கத்தோட வந்த பல பேரோட உக்காந்து சரி பண்ணியிருக்கேன்.

எல்லா மெஷின்லயும் தமிழ் ஒரே மாதிரி தெரியுற யூனிகோட் முறை புழக்கத்துக்கு வர்றதுக்கு முன்னாடி பாமினி மாதிரி ஃபான்ட்டுலதான் தமிழ் அடிப்போம். ஃபைலுக்குள்ள இருக்குறது தமிழ் எழுத்தே இல்ல, இங்கிலீஷ் எழுத்துதான். பாமினியில ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளின்னு வரிசையா தட்டினா திரையில தமிழ்னு வரும், ஏன்னா அந்த ஃபான்ட் ஜேங்கிற இடத்துல த படத்த வரைஞ்சு வச்சிருக்கு, அரைப்புள்ளி இடத்துல மெய்யெழுத்தோட புள்ளி. புது லேப்டாப்ல அந்த ஃபான்ட் இல்ல, அதான் உள்ள இருக்குறது அப்படியே தெரியுது. உங்களுக்கு அங்கங்க அரைப்புள்ளியா வருதுன்னீங்களே, அதெல்லாம் அப்பா வச்ச புள்ளிங்க. அதனாலதான் பாமினியா இருக்கும்னு தோணுது.

ஊகத்துல விட வேண்டாம், புது லேப்டாப்லயே அந்தக் கிறுக்கல் வரிய செலக்ட் பண்ணி வேர்டுல மேல ஃபான்ட் பேர் கட்டத்தப் பாருங்க, ஃபான்ட் இல்லாட்டியும் பேரு அங்க நிக்கும். பாமினியா, வானவில்லா, டேப், டாம், டிஸ்கி வகையான்னு அதுலயே தெரிஞ்சிடும். அப்பா எல்லா வருஷமும் ஒரே ஃபான்ட்டுல அடிச்சிருப்பார்னு நெனைக்காதீங்க, பழைய ஃபைல் ஒண்ணு, நடுவுல ஒண்ணு, புதுசு ஒண்ணுன்னு மூணையாவது பாருங்க.

அப்புறம் பழைய டிஸ்க்குல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள ஃபான்ட்ஸ்னு இருக்கும், அந்தப் பேருல இருக்குற ஃபைல எடுத்துட்டு வந்து புதுசுல ரைட் கிளிக் பண்ணி இன்ஸ்டால் குடுங்க, வேர்ட மூடித் திறங்க. எழுத்து திரும்பிடும். அப்பா இன்னைக்கே படிக்கலாம்.

ஆனா அதோட நிறுத்தாதீங்க. இப்படியே விட்டா போன்ல திறந்தாலும் கிறுக்கல், ஒரு வார்த்தையத் தேடவும் முடியாது, யாருக்காவது அனுப்பினாலும் ஃபான்ட்டயும் சேத்து அனுப்பணும். என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி ஒண்ணுல போட்டு யூனிகோடுக்கு மாத்துங்க. பழைய ஃபான்ட்டுல கொன்னு அடிக்க முதல்ல கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால்னு கண்ணுக்குத் தெரியுற வரிசையில அடிப்போம், யூனிகோட்ல க முதல்ல வந்து உயிர்க்குறி பின்னாடி வரும். கன்வெர்ட்டர் இத மாத்திப் போட்டுடும், ஆனாலும் கொ, கோ, கௌ வர்ற இடத்த எல்லாம் ஒருதடவ கண்ணால பாத்துடுங்க. மூல ஃபைல மட்டும் தொடாதீங்க, மாத்தினத வேற ஃபோல்டர்ல வைங்க.

லதா ஃபான்ட்டுல அடிச்சது எதாவது இருந்தா அது யூனிகோட்தான், கிறுக்கலா வராது, ஆனா எழுத்தோட முகம் கொஞ்சம் மாறித் தெரியலாம். விண்டோஸ் 11ல லதா தானா வர்றதில்ல, செட்டிங்ஸ்ல ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்ல தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்னு சேத்துக்கணும்.

பக்கம் வடிவமைக்கிற பழைய ப்ரோக்ராம் பேஜ்மேக்கர்ல எதாவது பண்ணியிருக்காரான்னும் கேளுங்க. அந்த ஃபைல அதுக்குப் பிறகு வந்த இன்டிசைன்ல சிஎஸ்6 பதிப்பு வரைக்கும்தான் திறக்கும், அதுக்கப்புறம் வந்ததுல திறக்காது. டிஸ்க் தாங்கும்னா பழைய கம்ப்யூட்டர்லயே பிடிஎஃப் ஆக்கிடுங்க, பிடிஎஃப்ல ஃபான்ட் உள்ளயே ஏறிடும்.

மழைக்கால்:

பாஸ்வேர்டு பத்தி யாரும் சொல்லல. குரோம் ஃபோல்டர மட்டும் காப்பி பண்ணினா புக்மார்க் வரும், பாஸ்வேர்டு வராது, அது பழைய விண்டோஸ் லாகின்னோட சேத்துப் பூட்டினது. பழைய கம்ப்யூட்டர்ல குரோம் ஓடும்போதே செட்டிங்ஸ்ல இருந்து எக்ஸ்போர்ட் குடுக்கணும். வர்ற ஃபைல் வெறும் எழுத்தா யார் வேணா படிக்கிற மாதிரி இருக்கும், புதுசுல ஏத்தினதும் ரெண்டு பக்கமும் அழிச்சிடுங்க, ரீசைக்கிள் பின் உட்பட. இதுக்காக ஒருதடவ பழையத ஆன் பண்ணித்தான் ஆகணும், ஃபைல் எல்லாம் பத்திரமா எடுத்த பிறகு பண்ணுங்க.

புதுசுல டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர் மைக்ரோசாஃப்டோட இன்டர்நெட் சேமிப்பு ஒன்டிரைவோட கட்டியிருக்கான்னும் பாருங்க. இலவச இடம் 5 ஜிபிதான், 300 ஜிபிய அதுல கொட்டினா நிறைஞ்சு போச்சுன்னு கத்திட்டே இருக்கும். தனியா ஒரு ஃபோல்டர் போட்டு வைங்க. புது லேப்டாப்ல டிஸ்க்க மொத்தமா பூட்டி வைக்கிற டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன் ஆகி இருந்தா 48 இலக்க ரெகவரி கீ ஒண்ணு இருக்கும், பேப்பர்ல எழுதி வைங்க, பின்னாடி ரிப்பேர் வரும்போது அது இல்லாம எதையும் எடுக்க முடியாது.

நூல்முனை:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. நாலு நாளா இதே வேலைதான். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மஞ்சள் காட்டுச்சு, உடனே ஆஃப் பண்ணிட்டு, அடாப்டர் வாங்கி டிஸ்க்க வெளிய மாட்டினேன். அப்பாவோட ஃபோல்டர் பத்து நிமிஷத்துல வந்துடுச்சு, கை நடுங்கிட்டே பாத்துட்டிருந்தேன். போட்டோ வீடியோவுக்கு ரெண்டு ராத்திரி ஆச்சு, ஒரு வருஷத்து ஃபோல்டர்ல மட்டும் பதினேழு போட்டோ வரல. கல்யாண வீடியோ முழுசா வந்துடுச்சு.

குரோமுக்காக டிஸ்க்க திரும்ப உள்ள மாட்டி ஆன் பண்ணினப்ப எந்த வெப்சைட்டும் திறக்கல, எல்லாத்துக்கும் சர்டிஃபிகேட் சரியில்லன்னே வந்துச்சு, பயந்துட்டேன், அப்புறம் பாத்தா தேதி 2010னு காட்டுது. தேதிய மாத்தினதும் சரியாச்சு. பாஸ்வேர்டு எடுத்துட்டேன்.

பாமினிதான் ஐயா, நீங்க சொன்ன மாதிரியே. ஃபான்ட் போட்டுத் திறந்துட்டு அப்பாவ கூப்பிட்டேன். ஒண்ணும் பேசல, நாற்காலிய இழுத்துப் போட்டு முழுக் கதையும் படிச்சுட்டு, ரெண்டாவது பக்கத்துல ஒரு ஒற்றுப்பிழை இருக்கு திருத்திக் குடுன்னார்.

ஒரே ஒரு சந்தேகம். யூனிகோடுக்கு மாத்தினப்ப அவர் நடுவுல இங்கிலீஷ்ல அடிச்ச பேரு, விலாசம் எல்லாம் அர்த்தமில்லாத தமிழா மாறிடுச்சு. அத எப்படித் தடுக்கிறது?

வட்டுச்சுழல்:

தேதி பின்னாடி போனது மதர்போர்டுல இருக்குற காசு மாதிரி பேட்டரி தீந்ததால, சிஆர் 2032னு கேட்டா கிடைக்கும், ஆனா அந்த மெஷினுக்கு இனி தேவைப்படாது. வராத பதினேழு போட்டோவுக்கு டிடிரெஸ்க்யூ ஒரு முயற்சி பண்ணிப் பாக்கலாம், டிஸ்க்க மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க. அண்ணன் எடைக்குப் போடணும்னா பொட்டிய போடட்டும்.

எழுத்தாணி:

கன்வெர்ட்டருக்கு எது இங்கிலீஷ், எது பாமினின்னு தெரியாதும்மா, ரெண்டும் அதுக்கு ஒரே எழுத்துதான். வேர்டுல ஃபைண்ட் அட்வான்ஸ்டுல ஃபான்ட் பேர் வச்சுத் தேட வழி இருக்கு. பாமினி அல்லாத ஃபான்ட்டுல இருக்குற வரியெல்லாம் முதல்ல கண்டுபிடிச்சு வேற கலர் அடிச்சுக்கோங்க, மத்தத மட்டும் துண்டு துண்டா எடுத்து மாத்துங்க. நானூறு ஃபைலுக்கு நாளாகும், தினம் அஞ்சு ஃபைல்னு அப்பாவ பக்கத்துல வச்சுக்கிட்டே பண்ணுங்க, எங்க இங்கிலீஷ்ல அடிச்சோம்னு அவருக்கு ஞாபகம் இருக்கும்.

இனிமே எழுதுறதுக்கு விண்டோஸ் 11லயே தமிழ் கீபோர்டு இருக்கு, தமிழ் 99, அஞ்சல் ரெண்டும். ஆனா அவர் விரலு பாமினிக்குப் பழகினது, இந்த வயசுல மாத்தச் சொன்னா எழுதுறதையே விட்டுடுவார். தமிழ் அடிக்கிற ப்ரோக்ராம் என்எச்எம் ரைட்டர்ல பாமினி அமைப்புல தட்டினா யூனிகோட்ல விழுற மாதிரி வச்சுக்கலாம், அத போட்டுக் குடுங்க.

நூல்முனை:

போட்டுக் குடுத்துட்டேன் ஐயா. லேப்டாப் கீபோர்டு தட்டையா இருக்குன்னார், அதனால பழைய கீபோர்ட யூஎஸ்பில மாட்டிட்டேன், ஜே மேல எழுத்தே தேஞ்சு போயிருக்கு அதுல. டிஸ்க்க துணியில சுத்தி பீரோவுல வச்சிருக்கோம், அண்ணனும் சரின்னுட்டான். இன்னைக்கு அஞ்சு ஃபைல் முடிச்சோம்.