மதுரைப் பக்கத்தில் பசுமைக்குடில், ஹைட்ரோபோனிக்ஸ் வேலைக்குப் பயிற்சி: எங்கிருந்து தொடங்குவது?

மேலூர் தாவரவியல் எழுதியது:

வணக்கம். மேலூருக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. தாவரவியலில் இளநிலைப் பட்டம் முடித்திருக்கிறேன். பசுமைக்குடில், மண்ணில்லாமல் சத்துக்கரைசலில் வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ், செயற்கை ஒளியில் அறைக்குள் பயிர் வளர்த்தல் என்று, சூழலைக் கட்டுப்படுத்திச் செய்யும் வேளாண்மையையே தொழிலாகக் கொள்ள விரும்புகிறேன். இணையத்தில் தேடினால், சில நாள் வகுப்பு, உடனே சான்றிதழ், அதன் பிறகு இலட்சக்கணக்கில் வருமானம் என்னும் விளம்பரங்களே முன்னால் வருகின்றன. கட்டணமோ எங்கள் வீட்டுக்குத் தாங்காது. முறையான பயிற்சி எங்கே கிடைக்கும், என் பட்டத்தை வைத்துக்கொண்டு மேற்படிப்புக்குப் போக முடியுமா, மதுரை வெயிலில் இந்த வேலைக்கு இடம் உண்டா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். முதலாளியாக வேண்டும் என்ற எண்ணம் இப்போதைக்கு இல்லை. வேலை நன்றாகத் தெரிந்தவளாக வேண்டும்.

ஒத்தக்கடை வாசகர் எழுதியது:

அம்மா, வேளாண் விரிவாக்கப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் மேலூரிலிருந்து மதுரைக்குப் பேருந்தில் வரும்போது யானைமலையை ஒட்டிக் கடந்து செல்லும் வேளாண்மைக் கல்லூரி 1965 முதல் இயங்கி வருகிறது. வேளாண் அறிவியல் நிலையமும் அங்கேயே உள்ளது. முதலில் அங்கே நேரில் சென்று, காளான் வளர்ப்பு, குழித்தட்டு நாற்று, சொட்டுநீர் வழி உரமிடல் ஆகியவற்றில் அடுத்து நடக்கவிருக்கும் பயிற்சிகளைக் கேட்டுப் பெயரைப் பதிந்து வாருங்கள். இவற்றுக்குக் கட்டணம் இருந்தாலும் சிறிதாகவே இருக்கும்.

திண்டுக்கல் மாவட்டம் ரெட்டியார்சத்திரத்தில், இஸ்ரேல் நாட்டு ஒத்துழைப்புடன் தோட்டக்கலைத் துறை அமைத்த காய்கறி மகத்துவ மையம் (புதிய சாகுபடி முறைகளைச் செய்துகாட்டிப் பயிற்சி தரும் இடம்) இருக்கிறது. கொய்மலருக்கு இதுபோன்ற மையம் கிருஷ்ணகிரி மாவட்டம் தளியில் உள்ளது. ஒரே வளாகத்தில் பசுமைக்குடிலையும் நிழல்வலைக்குடிலையும் நாற்று உற்பத்தியையும் பார்க்க வேண்டுமென்றால், மதுரையிலிருந்து ரெட்டியார்சத்திரத்துக்குக் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் துல்லியப் பண்ணைய மேம்பாட்டு மையம் உண்டு. பசுமைக்குடில் தொழில்நுட்பத்துக்கென்றே குறுகிய காலப் பயிற்சி வேண்டுமானால், புனே அருகே தலேகானில் உள்ள தேசிய அறுவடைப் பின்சார் தொழில்நுட்ப நிறுவனம் நெடுங்காலமாக அதை நடத்தி வருகிறது. ஆனால் குடிலில் கொஞ்சக் காலம் கைவேலை பார்த்த பிறகு போனால்தான் அங்கே கேட்க உங்களிடம் கேள்விகள் இருக்கும்.

மேற்படிப்பைப் பொறுத்தவரை, வேளாண்மைப் பல்கலைக்கழகங்களில் தோட்டக்கலை முதுநிலைக்குப் பெரும்பாலும் நான்காண்டு வேளாண் அல்லது தோட்டக்கலைப் பட்டத்தையே கேட்பார்கள். தாவரவியல் பட்டத்துடன் அந்தக் கதவைத் தட்டிக் காலத்தைச் செலவிட வேண்டாம். இந்திய வேளாண் திறன் குழு வகுத்த பணித்தகுதிகளில் பசுமைக்குடில் இயக்குபவர் (கிரீன்ஹவுஸ் ஆபரேட்டர்) என்ற ஒன்று இருக்கிறது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்ட அந்தச் சான்றிதழ் போதுமானது.

குடில்_திண்டுக்கல் எழுதியது:

ஐயா இடங்களைச் சொல்லிவிட்டார். அங்கே எதைக் கற்க வேண்டும் என்பதை நான் எழுதுகிறேன், ஏனெனில் எங்களிடம் வேலை கேட்டு வருபவர்களில் சான்றிதழ் இல்லாதவரைவிட, சான்றிதழ் இருந்தும் தண்ணீர் அறிக்கையைப் படிக்கத் தெரியாதவரே அதிகம்.

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். நம் பகுதி ஆழ்குழாய்க் கிணறுகளில் பலவற்றில் உப்பும் பைகார்பனேட்டும் கூடுதலாக இருக்கும். பைகார்பனேட் மிகுந்த நீரில் கலக்கும் சத்துக்கரைசலின் பி.எச். (அமில-கார) அளவு நாள்தோறும் மேலேறும். அமிலம் சேர்த்து அதை 5.5 முதல் 6.5 வரைக்குள் வைத்திருக்காவிட்டால் இரும்புச் சத்து கரைசலில் இருந்தும் செடிக்குக் கிடைக்காமல் இளந்தளிர் வெளுக்கும். சோடியம் மிகுந்த நீரிலோ அமிலம் சேர்த்தும் பயனில்லை, மழைநீரையோ ஆர்.ஓ. நீரையோ கலந்துதான் ஆக வேண்டும். ஆகவே உங்கள் வீட்டுக் கிணற்று நீரை மண் ஆய்வுக்கூடத்தில் கொடுத்து, வரும் அறிக்கையின் ஒவ்வொரு வரிக்கும் பொருள் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தச் சிறு செலவில் கிடைப்பது, விளம்பர வகுப்பு பலவற்றில் கிடைப்பதைவிட அதிகம்.

அடுத்தது உரத்தொட்டி. கால்சியம் நைட்ரேட்டை ஒரு தொட்டியிலும், சல்பேட்டும் பாஸ்பேட்டும் உள்ள உரங்களை இன்னொரு தொட்டியிலும் ஏன் வைக்கிறோம் என்று நேர்காணலில் கேட்பேன். அடர்கரைசலாக ஒன்றாய்க் கலந்தால் ஜிப்சம் போன்ற கரையாத உப்பு படிந்து சொட்டுவாய் அடைத்துக்கொள்ளும் என்று சொல்லத் தெரிந்தவருக்கு மற்றதைக் கற்றுக்கொடுத்துவிடலாம்.

மூன்றாவது நம் ஊர் வெயில். ஃபேன் பேட் அமைப்பு, அதாவது நனைந்த அட்டை (பேட்) வழியே விசிறியால் காற்றை இழுக்கும் முறை, காற்றின் வறட்சியைப் பயன்படுத்தித்தான் குளிர்விக்கிறது. வெளியே 38 டிகிரியும் ஈரப்பதம் 40 சதவீதமும் இருக்கும் கோடைப் பிற்பகலில், நல்ல நிலையில் உள்ள பேட் காற்றை ஏறக்குறைய 29 டிகிரிக்குக் கொண்டுவரும். அதே பேட், மழைக்குப் பிந்தைய புழுக்கத்தில் 33 டிகிரியும் 70 சதவீத ஈரமும் இருக்கும்போது 4 டிகிரி கூடக் குறைக்காது. வெயில் குறைந்த நாளில் செடி ஏன் வாடுகிறது என்று முதலாளி கேட்கும்போது இதை விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். இதற்கு அடிப்படையான ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது நீர் ஆவியாவதால் காற்று எட்டக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலை, நீங்கள் கல்லூரியில் படித்ததுதான்.

நம் பக்கத்தில் பாலித்தீன் ஷீட் போர்த்திய பசுமைக்குடில்களான பாலிஹவுஸ்களில் பெரும்பாலானவை ஃபேன் இல்லாத இயற்கைக் காற்றோட்டக் குடில்கள்தாம். அங்கே வெள்ளரியும் குடைமிளகாயும் மண்ணில்தான் வளர்கின்றன. தேனீ உள்ளே வராது என்பதால் மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கும் வெள்ளரி இரகங்களைப் போடுகிறோம். ஓரிரு போகத்துக்குள் வேர்முடிச்சு நூற்புழு வந்து சேரும். மானியத்தை நம்பிக் கட்டி, சில ஆண்டுகளில் ஷீட் கிழிந்து கைவிடப்பட்ட குடில்களையும் போய்ப் பாருங்கள். தென்னைநார்க்கழிவு நிரப்பிய பைகளுக்கு நாங்கள் மாறிய காரணம் அங்கே விளங்கும்.

வேலை வேண்டுமானால் முதலில் ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம் பக்கத்து நாற்றுப்பண்ணைகளைக் கேளுங்கள். சம்பளம் பெரிதாக இராது. ஆனால் ஆயிரக்கணக்கான நாற்றை ஒரே உயரத்தில், ஒரே நாளில் வண்டியேற்றும் கட்டாயம் இருப்பதால், கட்டுப்பாடு என்றால் என்ன என்பது அங்கே கைக்கு வந்துவிடும்.

மேலூர் தாவரவியல் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. நீர் மாதிரியை இந்த வாரமே கொடுத்துவிடுகிறேன். ஐயா காளான் பயிற்சியைச் சொன்னது எனக்குச் சற்றுப் புரியவில்லை. நான் கேட்டது செடிகளைப் பற்றி. மேலும், எல்.இ.டி. விளக்கில் அடுக்கடுக்காக வளர்க்கும் முறையைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லையே?

பால்காளான் அருப்புக்கோட்டை எழுதியது:

சகோதரி, காளான் செடியன்று என்பது உண்மைதான்; ஆனால் மதுரை வட்டாரத்தில் முழுக்க அறைக்குள், வெப்பம், ஈரம், காற்றோட்டம், சுத்தம் என நான்கையும் கையில் வைத்துக்கொண்டு பலர் பிழைப்பு நடத்தும் ஒரே வேளாண்மை அதுதான். மதுரைக் கல்லூரி தந்த எம்.டி.யு. 1 சிப்பிக் காளானும், எங்கள் அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையம் தந்த ஏ.பி.கே. 2 பால்காளானும் சமவெளிக்கென்றே வந்த இரகங்கள். பால்காளான் 30 முதல் 35 டிகிரியிலும் விளையும் என்பதால் குளிர்சாதனம் இல்லாமலே கோடையைக் கடக்கிறோம்.

பாடம் இதில் எப்படி வருகிறது என்றால், காற்றோட்டம் குறைந்து கரியமில வாயு தேங்கினால் சிப்பிக் காளான் காம்பு நீண்டு குடை சிறுத்துவிடும். சுவரில் கருவி மாட்டாமலே அறையின் நிலையைக் காளானின் உருவத்தில் படித்துவிடலாம். ஈரத்துக்காகக் கதவை மூடினால் காற்று கெடும், காற்றுக்காகத் திறந்தால் ஈரம் போகும். இந்த இழுபறியைத்தான் பெரிய குடில்களில் கணினி வைத்துச் சமாளிக்கிறார்கள். வைக்கோலைச் சரியாக வேகவைக்காவிட்டால் பச்சைப் பூஞ்சை வந்து படுக்கையையே தூக்கி எறிய வேண்டியிருக்கும். சிப்பிக் காளானில் ஒரு சுற்று ஒன்றரை மாதத்தில் முடிந்துவிடுவதால் ஓராண்டில் எல்லாப் பருவத்தையும் பார்த்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: காளான் குடையிலிருந்து பறக்கும் வித்துத்தூள் சிலருக்கு இருமலும் ஒவ்வாமையும் தரும்; முகக்கவசம் இல்லாமல் அறுவடை அறைக்குள் போக வேண்டாம்.

மின்பொறி மதுரை எழுதியது:

எல்.இ.டி. பற்றிக் கேட்டிருந்தீர்கள். கணக்காகவே சொல்கிறேன். லெட்டூஸ் போன்ற கீரைக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 மோல் (ஒளித்துகள்களை எண்ணும் அலகு) ஒளி தேவை. ஒரு ஜூல் மின்சாரத்துக்கு 3 மைக்ரோமோல் (மோலில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோமோல்) ஒளி தரும் நல்ல விளக்கை வைத்தாலும், விளக்குக்கு மட்டும் ஒரு சதுர மீட்டருக்கு நாள்தோறும் 1.4 யூனிட் செலவாகும். அந்த விளக்கு கக்கும் வெப்பத்தை வெளியேற்றும் குளிர்சாதனச் செலவு தனி. நம் ஊரில் சூரியன் அந்த 15 மோலைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இலவசமாகத் தருகிறது. அமெரிக்காவில் பெருமுதலீட்டில் இப்படி விளக்கொளியில் கீரை வளர்த்த நிறுவனங்களில் ஏரோஃபார்ம்ஸ் 2023 ஜூனிலும், பிளென்டி 2025 மார்ச்சிலும் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போயின. பவரி 2024 நவம்பரில் மூடப்பட்டது. அந்தத் துறை அழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. விளக்கறையில் வளர்க்கும் திசுவளர்ப்புக்கும் நாற்று உற்பத்திக்கும் ஆட்கள் தேவைப்படுகிறார்கள், தாவரவியல் படித்தவருக்குத் திசுவளர்ப்புக்கூடம் நல்ல நுழைவாயில். கீரையை அடுக்கில் வளர்த்து மாட்டுத்தாவணிச் சந்தையில் விற்கலாம் என்பவரிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள்.

அந்த விளம்பர வகுப்புகளில் ஏதாவது ஒன்றுக்குப் பணம் கட்டத்தான் போகிறீர்கள் என்றால், முன்னதாக அவர்களுடைய பண்ணையைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கரைசல் நீர் 20 டிகிரியில் ஒரு லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைக்கு இறங்கிவிடும், கோடையில் வேரழுகல் வருவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆகையால் சென்ற மே மாதத்துக் கரைசல் வெப்பநிலைப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். பதிவேடே இல்லை என்றால் அங்கே பணம் கட்ட வேண்டாம்.