டயர் மாத்தி 3-வது நாள் வீல் நட்டு கழண்டுது. பொறுப்பு கடைக்காரருக்கா, எனக்கா?

குளச்சல்_கணக்கன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் குளச்சல்ல ஒரு ஐஸ் பிளான்ட்ல கணக்கு எழுதுற ஆளு. வண்டி ஓட்டத் தெரியும், அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது. 2014 வேகன்ஆர் காரு, அண்ணன் கையில இருந்து வாங்கினது.

போன சனிக்கிழமை சாயங்காலம் நாகர்கோவில்ல ஒரு கடையில நாலு டயரும் புதுசு போட்டேன். கடை பேரு இங்க வேண்டாம். பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் சேத்து 15,840 ரூபா. அன்னைக்கு நல்ல கூட்டம். ரெண்டு பையம்மாரு வேல பாத்தாவ. ஒருத்தன் இடது பக்கம், மத்தவன் வலது பக்கம். காத்துல ஓடுற நட்டுக் கன்னு (gun) வச்சு டர்ருன்னு நட்டு ஏத்திட்டிருந்தாவ. இடையில டீ வந்துது. இது எனக்கு நல்ல ஓர்மை இருக்கு, ஏன்னா எனக்கும் ஒரு கிளாஸ் தந்தாவ. இடது பக்கத்துப் பையன் டீ குடிச்சிட்டு வந்து ஜாக்கிய இறக்கினான். வீல் கப்ப கையால அடிச்சு மாட்டினான். பில்லு, கும்பிடு, கிளம்பியாச்சு.

திங்கள்கிழமை அம்மைய ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ்ல காட்டிட்டு திரும்பி வாறேன். வெள்ளிச்சந்தை தாண்டினதும் ஸ்டியரிங்ல ஒரு நடுக்கம். ரோடு மோசம்னு நெனச்சேன். நம்ம ரோட்டுல எல்லாத்தையும் ரோட்டு மேல போட்டுடலாம் இல்லியா. அம்மாண்டிவிளை வந்ததும் முன்னாடி இடது பக்கம் கட கடன்னு சத்தம். "என்னமோ கெடந்து அடிக்கு மக்கா, நிறுத்து"ன்னு அம்மைதான் முதல்ல சொன்னா.

இறங்கி வீல் கப்ப நெம்பி எடுத்தேன். உள்ள இருந்து மூணு நட்டு பொலபொலன்னு என் காலடியில விழுந்துது. அதுல ஒரு நட்டுக்குள்ள ஒடிஞ்ச ஸ்டட்டுக்க (நட்டு ஏறுற கம்பி) துண்டு அப்படியே இருந்துது. நாலாவது நட்டு ஒண்ணுதான் வீல்ல நின்னுது. அதையும் ரெண்டு விரலால சுத்தினேன், சுத்திச்சு. கப்பு இல்லேன்னா அந்த மூணும் எங்க விழுந்துதுன்னே தெரிஞ்சிருக்காது. அந்த ஒத்த நட்டுல அம்மையும் நானும் எவ்வளவு தூரம் வந்தோமோ, நெனச்சா இப்பவும் கை நடுங்குது.

பக்கத்துல ஒரு ஒர்க்ஷாப் அண்ணன் வந்தார். மத்த மூணு வீல்ல இருந்து ஒவ்வொரு நட்டு கடன் வாங்கி, மிச்சமிருந்த மூணு ஸ்டட்டுல ஸ்டெப்னிய மாட்டித் தந்தார். அப்படி நட்டு எடுக்கும்போது அவரே ஒண்ணு கவனிச்சார். வலது பக்கம் ரெண்டு வீலும் கல்லு மாதிரி டைட்டு. பின்னாடி இடது வீல்ல மட்டும் ரெண்டு நட்டு அரைச் சுத்து உள்ள ஏறுச்சு.

செவ்வாய்க்கிழமை கடைக்குப் போனேன். மொதலாளி பில்லத் திருப்பி அடியில காட்டினார். எறும்பு எழுத்துல "50 கி.மீ. ஓடியபின் நட்டுகளைச் சரிபார்த்துக்கொள்ளவும்"னு அச்சடிச்சிருக்கு. "நீங்க வரலியே சார்"ங்கார். பில்லுல மீட்டர் 61,482. வண்டி நின்ன இடத்துல 61,594. ஆக 112 கி.மீ. அவர் கணக்குல நான் 62 கி.மீ. லேட்டு.

ரிம்மு ஒண்ணு, நாலு ஸ்டட்டு, நட்டு, கூலி எல்லாம் சேத்து 4,300 ஆகும்னு ஒர்க்ஷாப் அண்ணன் சொன்னார். துக பெருசில்ல. ஆனா 15,840 வாங்கிட்டு நட்டு முறுக்குற வேலைய என் தலையில கட்டலாமா? இன்சூரன்ஸ்ல கேக்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தக்கலை_பழைய_டிரைவர்:

மக்கா, நீ கோவிச்சாலும் செரி, சொல்லுகேன். 31 வருசம் லாரி ஓட்டினேன். காலையில ஒரு கம்பியால எல்லா நட்டையும் தட்டிப் பாக்காம ஒரு நாளும் கிளட்ச்ச மிதிச்சதில்ல. இறுகின நட்டுக்கு ஒரு சத்தம், இளகினதுக்கு வேற சத்தம். உள்ளங்கை நடுங்கும்போதே நீ வெள்ளிச்சந்தையில நிறுத்தியிருக்கணும்.

இடது பக்கம் கழண்டதுல எனக்கு ஆச்சரியம் ஒண்ணும் இல்ல. வெளிய நின்னு பாரு, வண்டி முன்னால போகும்போது இடது வீலு கடிகாரத்துக்கு எதிரா சுத்தும். சாதா நட்டு கழலுறதும் அந்தப் பக்கம்தான். அதனாலதான் பழைய லாரிகள்ல இடது பக்கத்துக்கு மட்டும் இடது மறை, அதாவது எதிர்ப்பக்கம் சுத்தினா இறுகுற புரி, போட்டிருப்பான். தெரியாத பஞ்சர் கடைப் பையன் கழட்டுகேன்னு நெனச்சு ஆள் தொங்கி முறுக்கி ஸ்டட்ட ஒடிப்பான். மறை கழண்டவன்னு சும்மாவா சொன்னாவ.

அதுக்காக கடைக்காரனுக்கு நான் வக்காலத்து வாங்கல. முறுக்குறது அவன் வேல, பாக்குறது உன் வேல. அவன் வேல செய்யாம உன் வேல தொடங்கவே செய்யாது.

ரென்ச்_மார்த்தாண்டம்:

நான் 17 வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். கடைக்காரர் சொன்ன 50 கி.மீ. விஷயம் பொய் இல்ல, ஆனா அவர் அத வச்சு ஒளியுறார்.

நட்டு வீல பிடிச்சு நிறுத்துறது மறையோட பிடியால மட்டும் இல்ல. சரியா முறுக்கினா ஸ்டட்டு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இழுபட்டு ஸ்பிரிங் மாதிரி நிக்கும். அந்த இழுப்புதான் ரிம்ம ஹப்போட (வீல் மாட்டுற நடுப்பாகம்) சேத்து அமுக்கி வைக்குது. வண்டியோட பாரத்தத் தாங்குறது அந்த அமுக்கம். கழட்டி மாட்டினதுக்கப்புறம் நடுவுல இருக்குற துருப்பொடி, பிசிறு எல்லாம் ஓட்டத்துல நசுங்கி அமுக்கம் கொஞ்சம் குறையும். அந்தக் கொஞ்சத்தச் சரி பண்ணத்தான் 50, 100 கி.மீ.யில மறுபடி ஒரு தடவ பாக்கச் சொல்றது. அப்பப் பாத்தா நட்டு ஒரு இம்மி ஏறும், இல்லேன்னா ஏறவே ஏறாது. மூணு நட்டு 112 கி.மீ.யில கப்புக்குள்ள வந்து கெடக்குறதுக்குப் பேரு செட்டில் ஆகுறது இல்ல. அத முதல்லயே யாரும் முறுக்கல.

கன்னு நட்ட ஓட்டி வைக்குறதுக்கு மட்டும்தான். ஒரே கம்ப்ரசர்ல ரெண்டு கன்னு ஓடினா காத்து குறையும், சத்தம் மட்டும் அதேதான் வரும். வீலு அந்தரத்துல லேசா சரிஞ்சு நிக்கும்போதே ஒரு நட்ட முழுசா ஏத்திட்டா, மத்த மூணும் டைட்டா இருக்குற மாதிரி ஏமாத்தும். கையால நாலு சுத்து ஏத்தி, எதிரெதிரா முறுக்கி, வண்டியத் தரையில இறக்கி, டார்க் ரென்ச்ல (வச்ச அளவு முறுக்கு வந்ததும் கிளிக்குன்னு சொல்ற ஸ்பேனர்) முடிக்கணும். சின்ன காருக்குப் பெரும்பாலும் 80-லேர்ந்து 110 நியூட்டன் மீட்டருக்குள்ள வரும். உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு மேனுவல்ல போட்டிருக்கும். கைக்கணக்கா சொல்லணும்னா, ஒரு மீட்டர் நீளக் கம்பி நுனியில 10 கிலோ அரிசிப் பைய தொங்கவிட்டா 98 நியூட்டன் மீட்டர். பலபேரு மேல ஏறிக் குதிச்சு முறுக்குறாங்களே, அதுவும் தப்பு. ஸ்டட்டு அளவுக்கு மேல இழுபட்டா அப்புறம் எப்ப வேணாலும் போகும்.

கழட்டின ரிம்மத் தூக்கிப் போட்டுடாதீங்க. நட்டு உக்காருற ஓட்டையப் பாருங்க. முட்டை மாதிரி நீண்டு, சுத்தி பளபளன்னு தேஞ்சிருந்தா ரொம்ப நேரம் இளகி ஓடியிருக்குன்னு அர்த்தம்.

ஒரே ஒரு கேள்வி. ரிம்முக்கு சமீபத்துல பெயிண்ட் அடிச்சீங்களா?

குளச்சல்_கணக்கன்:

அடிச்சேன். எழுதணும்னு நெனச்சு, பிறகு எழுதல. மன்னிக்கணும்.

கடலோரம் வீடு, உப்புக்காத்துல ரிம்மு எல்லாம் துரு. ரெண்டு மாசம் முன்னாடி சில்வர் ஸ்பிரே ரெண்டு டப்பா வாங்கி நானே வீட்டு முற்றத்துல அடிச்சேன். நட்டு உக்காருற இடத்துலயும் பட்டுதான் இருக்கும், மூணு கோட்டு அடிச்சேன். அப்பம் என் தப்புதானா?

ரிம்ம இப்பத்தான் வெளிச்சத்துல வச்சுப் பாத்தேன். நீங்க சொன்னது போலவேதான். நாலு ஓட்டையில மூணு நீண்டு போச்சு. அதுல ஒண்ணுல என் சுண்டுவிரல் பாதி போகுது. ஓரத்துல பெயிண்ட் வழிச்சுப் போயி வெள்ளிக்காசு மாதிரி மின்னுது.

ரென்ச்_மார்த்தாண்டம்:

பெயிண்ட் அங்க அடிக்கக் கூடாது. நட்டுக்கும் ரிம்முக்கும் நடுவுல பெயிண்ட் இருந்தா அது நசுங்கி இளக்கம் வரும். அது உங்க கணக்குல ஒரு புள்ளி.

ஆனா நாலு ரிம்முக்கும் அதே டப்பா, அதே மூணு கோட்டு தானே? வலது பக்கம் ரெண்டும் கல்லு மாதிரி இருந்துதுன்னு நீங்களே சொன்னீங்க. பெயிண்ட் காரணம்னா அந்தப் பக்கமும் இளகியிருக்கணும். பக்கம் பாத்து பெயிண்ட் நசுங்காது. டீ குடிக்கப் போன பையன் இருந்த பக்கம்தான் ரெண்டு வீலும் இளகியிருக்கு. போதாததுக்கு, அவ்வளவு தடிமனா பெயிண்ட் இருந்தா பழைய டயரக் கழட்டினவன் கண்ணுல பட்டிருக்கும். சுரண்டிட்டு மாட்டணும், இல்ல உங்ககிட்ட சொல்லணும்.

இன்னொண்ணு, இனி துருவுக்குப் பயந்து ஸ்டட்டுல எண்ணெய் விட்டுடாதீங்க. மேனுவல்ல இருக்குற அளவு எண்ணெய் படாத மறைக்கு. வழுக்கினா அதே முறுக்குல ஸ்டட்டு அதிகமா இழுபடும்.

வடசேரி_வாதி:

வக்கீல் இல்லை, ஒரு வழக்கை நானே நடத்திப் பழகியவன். சட்டப் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

காசு கொடுத்துச் செய்யச் சொன்ன வேலையில் குறை இருந்தால் அது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(11)-இன்படி சேவைக் குறைபாடு. பில்லின் அடியில் ஒரு வரி அச்சடித்துவிட்டால் கவனக்குறைவு கழுவப்பட்டுவிடும் என்று நினைக்க வேண்டாம். அந்த வரி பிறகு பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. முதலில் முறுக்காமல் விட அனுமதி தரவில்லை. பணம் வாங்கும்போது யாராவது அதை வாயால் சொன்னார்களா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் 1915-க்குப் போன் செய்து புகார் பதியுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். பல கடைகள் அந்த நிலையிலேயே இறங்கி வந்துவிடும். இல்லையென்றால் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ், அதன்பின் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி என்ற அரசின் நுகர்வோர் வழக்கு இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம்.

உங்களிடம் இருக்கும் நல்ல சாட்சி பில்லில் உள்ள மீட்டர் எண். அடுத்தது அந்த ஒர்க்ஷாப்காரர். அவர் பார்த்ததை, குறிப்பாகப் பின் இடது வீலைப் பற்றி, இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ரிம், நட்டு, ஒடிந்த துண்டு மூன்றையும் பத்திரமாக வையுங்கள். கடைக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள், காட்டினால் போதும்.

இன்சூரன்ஸை விட்டுவிடுங்கள். எங்கும் மோதாமல் பாகம் மட்டும் கெட்டிருந்தால் இயந்திரக் கோளாறு என்று தள்ளிவிடுவார்கள். கிடைத்தாலும் 4,300-க்காக நோ கிளைம் போனஸ் (கிளைம் கேட்காதவர்களுக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) போய்விடும்.

குளச்சல்_கணக்கன்:

இன்னைக்கு போயிட்டு வந்தேன். சொல்ல ஆசையா இருக்கு, அதனால கொஞ்சம் நீளம்.

அம்மாண்டிவிளை அண்ணன் ஒரு தாள்ல எழுதித் தந்தார். ரிம்ம ஐஸ் பிளான்ட் சாக்குல சுத்தி, நட்ட சட்டப்பையில போட்டுட்டு போனேன். 1915 பத்தி நான் வாயே திறக்கல. மொதலாளி மேசையில அந்த ஒடிஞ்ச துண்டு இருந்த நட்ட மட்டும் வச்சேன். அவர் எடுத்து உருட்டி உருட்டிப் பாத்தார். பிறகு தாளப் படிச்சார். வலது பக்கம் டைட்டு, இடது பக்கம் இளக்கம்ங்கிற இடத்துல விரல வச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பெயிண்ட் விஷயத்தையும் நானே சொன்னேன். மறச்சா அம்மை மொகத்துல முழிக்க முடியாது.

பையனக் கூப்பிட்டார். 19, 20 வயசு இருக்கும். அவன் டீயப் பத்தியும் பேசல, நட்டப் பத்தியும் பேசல, தரையப் பாத்துட்டு நின்னான். அவன ஏச வேண்டாம்னு நான்தான் சொன்னேன். சனிக்கிழமை சாயங்காலம் எட்டு வண்டி வரிசையில நிக்கும்போது ரெண்டு பேர வச்சு வேல வாங்கினது அவன் இல்லியே.

4,300-ம் தந்தார். பெயிண்டுக்காக 500 பிடிச்சுக்கிடுங்கன்னேன், வேண்டாம்னுட்டார்.

எங்க பிளான்ட்ல கம்ப்ரசர் ஹெட்டு மாட்டும்போது, ரென்ச்சு கிளிக்குன்னு சொன்னாத்தான் ஆளு கைய எடுப்பான். அதக் கேட்டேன், உங்ககிட்ட அந்த ரென்ச்சு இல்லியான்னு. இருக்குன்னு சொல்லி அலமாரி மேல இருந்து ஒரு சிவப்புப் பெட்டி எடுத்தார். மேல ஒரு இஞ்சு தூசி. திறந்தா உள்ள ரென்ச்சு பாலித்தீன் கவர் கூடப் பிரிக்காம படுத்துக் கெடக்கு. அவரே பிரிச்சு, அவரே குனிஞ்சு நாலு வீலையும் முடிச்சார். பின்னாடி இடது வீல்ல ஒரு நட்டு கிளிக் ஆகுறதுக்கு முன்னாடி கால் சுத்து போச்சு. அவர் என்னப் பாத்தார், நான் பையனப் பாத்தேன்.

அம்மை மட்டும் இன்னும் நம்பல. இன்னைக்கு பின்சீட்டுல, வலது பக்கம்தான் உக்காந்து வந்தா.

தக்கலை_பழைய_டிரைவர்:

நல்லது மக்கா. இப்பம் 50 ஓடியாச்சா? திரும்பப் பாத்தியா?

குளச்சல்_கணக்கன்:

31 ஆச்சு அண்ணாச்சி. ஸ்பேனர் முன்சீட்டுலதான் கெடக்கு.