சிங்கப்பூர் – நியூயார்க்: இந்தப் பயண நேரக் கணக்கைக் கொஞ்சம் சரிபார்த்துச் சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். அம்மா முதன்முறையாக விமானம் ஏறப் போகிறார், அதுவும் தனியாக. சாங்கியிலிருந்து நியூயார்க் ஜே.எஃப்.கே-வுக்கு எங்கும் நிற்காத விமானம்.

தூரம் சுமார் 15,300 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. வேகம் என்று வகுத்தால் 17 மணி நேரம்தான் வருகிறது. அட்டவணையிலோ 18 மணி 40 நிமிடத்துக்குப் பக்கமாகப் போட்டிருக்கிறார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் சேரும், சரி. விமானம் அந்தக் குறுக்குக் கோட்டிலேயே பறக்காது, காற்றைப் பார்த்து வழியை மாற்றும் என்பதும் தெரியும். அதற்கே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போய்விடுமா?

இன்னொரு கூத்து. கோடையில் நியூயார்க் 12 மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் 13. கோடையில் நண்பகல் 12-க்குக் கிளம்பினால், அங்கே அதே தேதியில் மாலை 6.40-க்கு இறங்குவார். "ஆறே முக்கால் மணி நேரம்தானா!" என்று அம்மா சந்தோஷப்பட்டுவிட்டார். இன்னும் உண்மையைச் சொல்லவில்லை.

காலை, இரவு என இரண்டு வேளை சர்க்கரை மாத்திரை போடுகிறவர். டாக்டரிடம் கேட்கத்தான் போகிறோம். ஆனாலும் வயதானவர்களை இப்படி அனுப்பியவர்கள் சொல்லுங்கள்: ஒரே மூச்சில் போவது நல்லதா, நடுவில் எங்காவது இறங்கி மாறுவது நல்லதா? கால் வீக்கத்துக்கு என்ன செய்தீர்கள்? டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை.